ஆயா கேட்ட கேள்வி

சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவனிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். "குழந்தைக்கு எந்த வயதில் பாட்டு ஆரம்பிக்கலாம்?" "தோடிக்கும் சிந்துபைரவிக்கும் என்ன வித்தியாசம்?" "தொண்டை கட்டினால் என்ன கஷாயம் நல்லது?" இவற்றுக்கெல்லாம் நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் போன மாதம் கொல்லிமலையில் ஒரு பாட்டியம்மாள் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கொல்லிமலைக்கு நீங்கள் போனதுண்டா? சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால் அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் பத்து வளைவுக்குக் காட்சியை ரசித்துக்கொண்டு போகலாம். முப்பதுக்கு மேல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மலை மேலே பல ஊர்களைச் சேர்த்து 'நாடு' என்று சொல்லுகிறார்கள். நான் போனது தேவனூர் நாடு. மிளகு வியாபாரம் செய்யும் சிநேகிதர் ஒருவர் சரக்குப் பார்க்கக் கிளம்பினார், நானும் தொற்றிக்கொண்டேன்.

சங்கீதப் பித்து உள்ளவனுக்குக் கொல்லி என்ற பேரே ஒரு சந்தோஷம். தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்று பெயர். அப்பர் சுவாமிகள் திருவதிகையில் சூலை நோயால் துடித்துப் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். மலைக்குப் போகிற வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அங்கே போய் என்ன கேட்டேன் தெரியுமா? ஜெர்மன் சங்கீதம்!

மிளகு வாங்கப் போன வீட்டில் மழை பிடித்துக்கொண்டது. திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். உள்ளே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சின்னக் கீபோர்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் போட்டிக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். துள்ளித் துள்ளி, மூன்று மூன்று அடியாக நடக்கும் மெட்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். பியானோ கற்கிற குழந்தைகள் உலகம் முழுவதும் முதலில் வாசிப்பது அதைத்தான்.

"யார் பாட்டம்மா இது?" என்று கேட்டேன்.

"பாக்" என்றாள் குழந்தை. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

சுவரோரமாக மிளகை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அவளுடைய ஆயா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏஞ் சாமி, நெதம் இந்தப் பாட்டையே கேக்கறனே, இதக் கட்டுனவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களா? சோத்துக்கு என்ன பண்ணாரு?"

நேயர்களே, பாக்கைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. அவருடைய தாளக்கட்டு, சுருதிச் சேர்க்கை, ஆர்கன் வாசிப்பு எல்லாவற்றையும் அலசியிருக்கிறார்கள். ஆனால் ஒருவரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஆயா கேட்டதுதான் என்று எனக்குத் தோன்றியது. மழை விடுகிற மாதிரி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். குழந்தை வாசித்த மெட்டு பாக் செய்ததல்ல. டிரெஸ்டன் நகரத்தில் ஆர்கன் வாசித்த பெட்சோல்டு என்பவர் செய்தது. பாக் தம்முடைய இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1725-ல் ஒரு நோட்டுப் புத்தகம் பரிசளித்தார். வீட்டில் வாசிப்பதற்குப் பிடித்தமான உருப்படிகளை அதில் எழுதி வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் கோலங்களை நோட்டில் போட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி. யார் செய்தது என்று பேர் எழுதாத உருப்படிகளையும் பிற்காலத்தில் பாக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆக, குழந்தை வாசித்தது பாக் பாட்டல்ல. பாக் வீட்டுப் பாட்டு.

"வூட்டுப் பாட்டா? அப்பச் சரி" என்றார் ஆயா. எனக்கும் அதுதான் சௌகரியம். அந்த வீட்டின் பல வருஷங்களில் ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன் என்றேன். அது 1713. ஏன் அந்த வருஷம் என்பது போகப் போகத் தெரியும்.

அப்போது பாக்குக்கு 28 வயது. வைமார் என்ற சின்னச் சமஸ்தானத்தில் பிரபுவின் அரண்மனைக் கோயிலில் ஆர்கன் வாசிக்கிற உத்தியோகம். ஆர்கன் என்றால் நம் ஆர்மோனியத்துக்குக் கொள்ளுப் பாட்டன். துருத்தியால் காற்றை அடைத்து, நூற்றுக்கணக்கான குழாய்களில் செலுத்தி, கையாலும் காலாலும் வாசிக்க வேண்டும். பத்து வயது முடிவதற்குள் அப்பாவையும் அம்மாவையும் இழந்து, அண்ணன் வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். 22 வயதில், 1707-ல் கல்யாணம். பெண்ணின் பேர் மரியா பார்பரா. அவளும் பாக் குடும்பம்தான். இரண்டு பேருடைய பாட்டன்மார்களும் அண்ணன் தம்பிகள். நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டால், "பங்காளி வீட்டில் பெண் எடுப்பதாவது!" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே அது வழக்கம்.

"அந்தம்மா பாடுவாங்களா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. குழந்தையின் அம்மா. அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நிறைமாதம்.

இதற்கு ஒரு குறிப்பு உண்டு. 1706-ல் பாக் ஆர்ன்ஷ்டட் என்ற ஊரில் இருந்தபோது, அன்னியப் பெண் ஒருத்தியைக் கோயிலில் ஆர்கன் மாடத்துக்கு அழைத்துப் பாட விட்டார் என்று மேலதிகாரிகள் அவரைக் கண்டித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரை எழுதி வைக்கவில்லை. மரியா பார்பராவாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய ஊகம். ஊகம் உண்மையானால், அவளுடைய குரலைப் பற்றிச் சரித்திரத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கண்டிப்பு மட்டும்தான்!

1713 பிறக்கும்போது அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள். மூத்த பெண் டொரோதேயாவுக்கு நாலு வயது. பையன் ஃபிரீடமானுக்கு இரண்டு வயது. ஒத்தாசைக்கு மரியா பார்பராவின் அக்கா கூடவே இருந்தாள். கல்யாணமாகாத அந்த அம்மாள் கடைசி வரையில் அந்த வீட்டிலேயே இருந்து, அங்கேயே 1729-ல் காலமானாள். மரியா பார்பரா மறுபடியும் கர்ப்பம்.

பிப்ரவரி மாதம் பக்கத்துச் சமஸ்தானமான வைசன்ஃபெல்ஸில் பிரபுவுக்குப் பிறந்த நாள் உற்சவம். வேட்டைப் பிரியர் அவர். அவருக்காகப் பாக் ஒரு நீண்ட உருப்படி செய்தார். 'வேட்டைக் கச்சேரி' என்று அதற்குப் பேர் வந்துவிட்டது. அது அந்த வருஷத்துப் பிறந்த நாளுக்குத்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பிப்ரவரி 21, 22-ல் பாக் அந்த ஊரில் இருந்ததற்குக் கணக்குப் பதிவே இருக்கிறது. அந்த உருப்படியில் ஆட்டு மந்தையையும் மேய்ப்பனையும் பற்றி ஒரு பாட்டு வருகிறது. குரலோடு இரண்டு புல்லாங்குழல்கள். இன்று மேல்நாட்டில் எத்தனையோ கல்யாணங்களில் அதை வாசிக்கிறார்கள். அவ்வளவு சாந்தமான மெட்டு.

அந்தப் பிறந்த நாளும் பிப்ரவரி 23. அதே தேதியில் வைமாரில் மரியா பார்பராவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஆணும் பெண்ணும். ஆண் குழந்தை அன்றைக்கே போய்விட்டது. பெண் குழந்தை மூன்று வாரம் இருந்துவிட்டு மார்ச் 15-ல் போய்விட்டது.

முறத்தில் மிளகு புடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"எனக்கும் ஒண்ணு போச்சு, சாமி" என்றார் ஆயா. "அப்ப ரோடு இல்ல. தொட்டில் கட்டித் தூக்கிக்கிட்டுக் கீழ எறங்கறதுக்குள்ள..." அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மேலே சொல்லும்படி அவரே கை காட்டினார்.

அந்த வருஷம் ஐரோப்பாவில் சங்கீத உலகம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

ஜனவரி 8-ம் தேதி ரோமாபுரியில் கொரெல்லி காலமானார். வயலின் வாத்தியத்துக்கு இலக்கணம் வகுத்த மகா வித்வான். பாந்தியன் என்ற பழம்பெரும் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய வாத்தியம் நம் கர்நாடகக் கச்சேரி மேடைக்கு வந்து, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கையில் ஏறுவதற்கு இன்னும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

பாரிஸில் கூப்பரான் என்பவர் தம்முடைய முதல் புத்தகத்தை அச்சிட்டார். ஹார்ப்ஸிகார்டு என்ற தந்தி வாத்தியத்துக்கான உருப்படிகள். ஸ்வரத்தை எங்கே அசைக்க வேண்டும், எங்கே உதற வேண்டும், எங்கே தொட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டு, அதற்கு அட்டவணையும் கொடுத்தார். மேல்நாட்டுச் சங்கீதத்தில் கமகமே கிடையாது என்று நம்மவர்களில் சிலர் அடித்துப் பேசுகிறார்களே, அவர்களுக்கு அந்த அட்டவணையைக் காட்ட வேண்டும்.

லண்டனில் ஹாண்டல். பாக் பிறந்த அதே 1685-ல் பிறந்தவர். ஜனவரியில் அவருடைய புது ஸங்கீத நாடகம் அரங்கேறியது. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் நாடகக் கம்பெனி மானேஜர் வசூல் பணத்தோடு கம்பி நீட்டிவிட்டார்! பாடகர்களுக்குச் சம்பளம் இல்லை; உடை தைத்தவருக்குக் கூலி இல்லை. எந்த ஊரானால் என்ன, நாடகக் கொட்டகை விவகாரங்கள் ஒன்றுதான் போலிருக்கிறது. அந்த வருஷம் ஐரோப்பாவின் நீண்ட யுத்தம் ஒன்று யூட்ரெக்ட் உடன்படிக்கையோடு ஓய்ந்தது. ஜூலை 7-ல் செயின்ட் பால் ஆலயத்தில் நன்றி செலுத்தும் விழா. அதற்கு ஹாண்டல்தான் சங்கீதம் அமைத்தார். ஆன் மகாராணிக்கு உடம்பு சரியில்லாமல் விழாவுக்கு வரவில்லை. ஆனாலும் வருஷக் கடைசியில் ஹாண்டலுக்கு வருஷம் 200 பவுன் மானியம் கொடுத்தார். ஹாண்டல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆயா கேட்ட கேள்வியில் பாதிக்கு அவர் விஷயத்தில் வேலை இல்லை.

வெனிஸ் நகரத்துச் செய்தி உங்களுக்கு, அதிலும் பெண்மணிகளுக்கு, அவசியம் பிடிக்கும். விவால்டி என்ற பாதிரியார் அங்கே பியத்தா என்ற அநாதை விடுதியில் வயலின் வாத்தியார். பெற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்டுப் போகும் சிசுக்களை ஏற்றுக்கொள்ளச் சுவரில் ஒரு மாடம் வைத்திருந்தார்கள். 1992-ல் நம் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. அப்படி வந்த பெண்களில் நல்ல ஞானம் உள்ளவர்களுக்குப் பாட்டும் வாத்தியமும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். கேட்பதற்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். அவர்களுக்குக் குலப் பெயர் கிடையாது. வாசிக்கிற வாத்தியமே பேர். 'வயலின் அன்னா மரியா' என்று ஒருத்தி பிரசித்தி பெற்றிருந்தாள். 1713-ல் விவால்டி அங்கே ஒரு மாதம் லீவு வாங்கிக்கொண்டு விசென்ஸா நகரத்துக்குப் போய், மே 17-ல் தம் முதல் ஸங்கீத நாடகத்தை அரங்கேற்றினார்.

அந்த விவால்டியின் உருப்படிகள் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி எங்கும் பரவிக்கொண்டிருந்தன. வைமார் பிரபுவின் தம்பி மகனுக்குப் பதினாறு வயது. ஹாலந்தில் படித்துவிட்டு அந்த வருஷம் ஜூலையில் ஊர் திரும்பினான். சங்கீதப் பைத்தியம். வரும்போது அச்சான இசைப் புத்தகங்களைக் கொண்டு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் பிறகுதான் பாக் விவால்டியின் வயலின் உருப்படிகளை ஆர்கனுக்கும் ஹார்ப்ஸிகார்டுக்கும் மாற்றி எழுதத் தொடங்கினார். வெனிஸில் தாயில்லாப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பாட்டு, வைமாரில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

"சரி, சோத்துக் கதைக்கு வாங்க" என்றார் ஆயா. அவர் விடுகிறவராக இல்லை.

வருஷக் கடைசியில் பாக்குக்கு ஒரு புது உத்தியோகத்துக்கு வழி திறந்தது. ஹாலே நகரத்து மார்க்கெட் சதுக்கத்தில் பெரிய மாதாகோயில். அங்கே ஆர்கன் வாசித்த ஸாகோ என்ற முதிய வித்வான் முந்தின வருஷம் காலமாகிவிட்டார். இந்த ஸாகோதான் ஹாண்டலின் குரு. ஹாண்டல் அந்த ஊர்ப் பிள்ளை. கோயிலில் 65 வகைக் குழாய் வரிசைகளோடு புதிதாகப் பிரம்மாண்டமான ஆர்கன் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்குக்கு நாவில் ஜலம் ஊறாமல் இருக்குமா? டிசம்பரில் ஹாலேயில் தங்கி, பரீட்சையாக ஒரு உருப்படி செய்து பாடிக் காட்டினார். தங்கல், சாப்பாட்டுச் செலவையெல்லாம் கோயிலாரே கொடுத்தார்கள். அவரையே தேர்ந்தெடுத்தும் விட்டார்கள்.

இந்த ஹாலே நகரத்தை நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது அது ஏன் என்று சொல்லுகிறேன்.

அதே ஊரில் ஃபிராங்கே என்ற பேராசிரியர் அநாதை விடுதியும் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நடத்தி வந்தார். அவரிடம் படித்த சீகன்பால்கு என்ற இளைஞர் 1706-ல் டென்மார்க் ராஜா அனுப்பித் தரங்கம்பாடிக்கு வந்தார். தஞ்சை மன்னருக்குக் கப்பம் கட்டிக்கொண்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலம். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். தமிழில் புத்தகம் அச்சிட ஆசைப்பட்டு எழுத்துக்களின் மாதிரியை ஊருக்கு எழுதி அனுப்பினார். தமிழர் முகத்தையே பார்த்திராத ஹாலே நகரத்துக் கைவினைஞர்கள் அதைப் பார்த்து 'அ'னாவையும் 'ழ'னாவையும் ஈயத்தில் வார்த்துக் கப்பல் ஏற்றினார்கள். 1713-ல் அந்த எழுத்துக்களைக் கொண்டு தரங்கம்பாடியில் தமிழ் அச்சடிக்க ஆரம்பித்தார்கள்.

தமிழ் அச்சு அதற்கு முன்பே உண்டு. 1578-ல் கொல்லத்திலேயே ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. ஆனால் விட்டுப் போன அந்த வழி மறுபடி நிலையாகத் திறந்தது தரங்கம்பாடியில்தான். ஹாலே எழுத்துக்கள் ரொம்பப் பெரிசு. காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். அதற்கு ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. நம் வீட்டில் ஈயச் சொம்பை உருக்கினால் எப்படியிருக்கும், நினைத்துப் பாருங்கள்! பக்கத்தில் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். அங்கே அச்சான பாட்டுப் புத்தகத்தில் ஜெர்மன் மெட்டுக்களுக்குத் தமிழ்ச் சொற்களை அமைத்திருந்தார்கள். 'ஞானப்பாட்டு' என்று அவற்றை இன்றும் பாடுகிறார்கள். தமிழ் மெட்டுக்களிலேயே அந்த மதத்துக் கீர்த்தனைகளைச் செய்யத் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பிற்பாடு பிறந்து வர வேண்டியிருந்தது.

ஆகவே 1713 டிசம்பரில் பாக் ஹாலே வீதிகளில் நடந்தபோது, அந்த ஊரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் இங்கே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே மை பூசிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தன! அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரிய வேண்டாமா?

"எழுத்து கெடக்கட்டும். வேலைக்குப் போனாரா, இல்லையா?" என்றார் ஆயா.

போகவில்லை. ஹாலேயிலிருந்து உத்தியோகப் பத்திரம் வந்தது. 1714 ஜனவரியில் பாக் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: தம் எஜமானரிடமிருந்து இன்னும் விடுதலை கிடைக்கவில்லை, நிபந்தனைகளிலும் சில மாற்றங்கள் வேண்டும் என்று. இதற்குள் வைமார் பிரபு விழித்துக்கொண்டார். மார்ச் 2-ம் தேதி பாக்குக்கு வாத்திய கோஷ்டித் தலைவர் பதவியும் 250 ஃபுளோரின் சம்பளமும் கிடைத்தன. மாதத்துக்கு ஒரு புது உருப்படி செய்ய வேண்டும். ஹாலேகாரர்களுக்குக் கோபம். சம்பள உயர்வுக்காக எங்களைக் காட்டி மிரட்டினீரா என்று கேட்டார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று மார்ச் 19-ல் பாக் ரோஷத்தோடு பதில் எழுதினார். நம்மில் யாராவது அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போமோ, அதைத்தான் அவரும் செய்தார் என்பது என் அபிப்பிராயம்.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், மார்ச் 8-ல், மரியா பார்பராவுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை பிழைத்தது. ஃபிலிப் இமானுவல் பாக் என்ற பேரில் பெரிய வித்வானாக விளங்கி, ஒரு காலத்தில் அப்பாவைவிட அதிகப் புகழோடு இருந்தது. யோசித்துப் பாருங்கள்: பாக் ஹாலேயில் பரீட்சை கொடுத்த நாட்களில் வீட்டில் அவளுக்கு ஆறு மாதம். அதே வருஷ ஆரம்பத்தில் இரண்டைப் பறிகொடுத்த வயிறு. குளிர்காலம். இரண்டு சின்னக் குழந்தைகள். சாமான்களைக் கட்டிக்கொண்டு புது ஊருக்குப் போக வேண்டுமா, வேண்டாமா?

இந்த இடத்தில்தான் ஆயா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"போலாமா வேண்டாமான்னு அந்தம்மாகிட்டக் கேட்டாரா?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. பாக் ஹாலேகாரர்களுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. சம்பளக் கணக்கு இருக்கிறது. 1716-ல் ஆர்கன் கட்டி முடிந்ததும், கோபமெல்லாம் மறந்து, அதைச் சோதிக்க அதே பாக்கை அழைத்து ஹாலேகாரர்கள் போட்ட விருந்தின் பட்டியல்கூட இருக்கிறது: மீன், பல வகை இறைச்சி, பட்டாணி, உருளைக்கிழங்கு, பசலைக்கீரை, வேகவைத்த பூசணி, முள்ளங்கி, புது வெண்ணெய், பாகில் போட்ட செர்ரிப் பழம், எலுமிச்சைத் தோல் மிட்டாய்! ஆனால் மரியா பார்பரா எழுதியதாக ஒரு கடிதாசி, ஒரு வரி கிடையாது. ஏழு குழந்தைகள் பெற்றாள். நாலு பெரியவர்களாயின. 1720 ஜூலையில் பாக் எஜமானரோடு வெளியூர் போயிருந்தார். அவள் நோய் கண்டு இறந்தாள். அவர் திரும்பி வீட்டு வாசலில் கால் வைத்தபோது அவளை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

"தெரியவில்லை, ஆயா. அதை யாரும் எழுதி வைக்கவில்லை" என்றேன்.

ஆயா என்னை விட்டுவிட்டார். திண்ணை ஓரத்தில் இதுவரை பேசாமல் மிளகு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"நீ கேட்டியாடா?"

விஷயம் பிறகுதான் எனக்கு விளங்கியது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அந்தப் பையனுக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறதாம். அடுத்த மாதமே வந்து சேர வேண்டும் என்கிறார்களாம். குடும்பத்தோடு இறங்கிவிடலாம் என்று அவன் முடிவு செய்துவிட்டான். கீபோர்டு வாசிக்கிற பெண்ணுக்கும் அங்கே நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் நிறைமாதமாக நிற்கிற மனைவியிடம், "வரட்டுமா, இருக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டானா என்பதுதான் கேள்வி.

அவன் ஊசியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "என்ன சொல்ற?" என்றான்.

"பெத்துப் பொழச்சு எந்திரிச்சுக்கறேன். அதுக்கப்புறம் போலாம். நீ மட்டும் முன்னாடி போய்ப் பாரு" என்றாள் அவள். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்த பதில் என்பது அவள் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"ம், அப்படியே செய்யலாம்" என்றான் அவன். ஆயா மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார். குழந்தை விட்ட இடத்திலிருந்து மெட்டை ஆரம்பித்தாள். மழையும் விட்டது. சிநேகிதர் மிளகுக்கு விலை பேசி முடித்தார். என் கதைக்காக ஒரு ரூபாய்கூடக் குறைத்துத் தரவில்லை என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

வாசக சகோதரிகளே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கேட்பதற்கு வசதி இருந்தால் இரண்டு உருப்படிகளைக் கேளுங்கள். ஒன்று, விவால்டி இரண்டு வயலின்களுக்குச் செய்து, பாக் ஆர்கனுக்கு மாற்றிய 'ஏ மைனர்' உருப்படி. மற்றொன்று, கொல்லிப் பண்ணில் ஓதுவார் யாராவது பாடிய அப்பர் தேவாரம். இரண்டும் வேறு வேறு உலகம். ஆனால் இரண்டுக்கும் பின்னால் மனிதர்கள் பட்ட பாடு இருக்கிறது. அப்பர் பட்ட பாட்டை அவரே சொல்லிவிட்டார். மரியா பார்பரா பட்டதை ஒருவரும் கேட்கவில்லை. அல்லது கேட்டிருந்தாலும் எழுதி வைக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால், அவர்களையும் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். காபி பத்து நிமிஷம் தாமதமானால் குடி முழுகிவிடாது.